32 கோர், இரண்டு ப்ராசஸர்: த்ரெட்ரிப்பரா, எபிக்கா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல, ஏஎம்டியின் இரண்டு ப்ராசஸர்களையே சுற்றி வந்தன: மேஜைக் கணினிக்கான த்ரெட்ரிப்பர் 7970எக்ஸ், சர்வருக்கான எபிக் 9354பி. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுடையது சிறிய பம்ப் டிசைன் அலுவலகம். பகலில் சாலிட்வொர்க்ஸ், இரவில் ஓப்பன்ஃபோமில் நீரோட்டக் கணக்கு. 7970எக்ஸ், 9354பி இரண்டிலும் 32 கோர். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைக்காரர், "சர்வர் ப்ராசஸர்தான் நின்று உழைக்கும், அதையே எடுங்கள்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
— வாசகர், கோவை

பதில்: "நின்று உழைக்கும்" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே ஜென் 4 தலைமுறைக் கோர்தான். எபிக் 2022 நவம்பரில் வந்தது, த்ரெட்ரிப்பர் 2023 நவம்பரில். அறிமுக விலையும் எபிக்குக்கு 2,730 டாலர், த்ரெட்ரிப்பருக்கு 2,499 டாலர் என்று அருகருகேதான் இருந்தது. வித்தியாசம் கோரில் இல்லை. கோரை எவ்வளவு வேகமாக ஓட விடுகிறார்கள், அதற்கு எத்தனை வழியாக டேட்டா ஊட்டுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

7970எக்ஸின் அடிப்படை வேகம் 4.0 ஜிகாஹெர்ட்ஸ், ஓரிரு கோர் மட்டும் வேலை செய்யும்போது 5.3 வரை போகும். 9354பிக்கு அதே கணக்கு 3.25, 3.8. சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தின் அளவை மாற்றிவிட்டு மாடல் மறுபடி உருவாகக் காத்திருக்கிறீர்களே, அந்த நேரத்தில் பெரும்பாலும் ஒரே கோர்தான் ஓடுகிறது. மீதி 31 கோரும் சும்மா இருக்கும். அங்கே 5.3க்கும் 3.8க்கும் உள்ள இடைவெளியை உங்கள் டிசைனர் ஒவ்வொரு கிளிக்கிலும் உணர்வார். எபிக்கை மேஜைக் கணினியாகக் கொடுத்தால், "லட்சக்கணக்கில் செலவு செய்து பழைய மெஷினைவிட மெதுவாகிவிட்டதே" என்பார். அதில் தவறும் இருக்காது.

இரவு வேலையில் கதை தலைகீழ். நீரோட்டக் கணக்கில் கோர் செய்யும் கூட்டல் பெருக்கல் கொஞ்சம்தான்; மெமரியிலிருந்து எண்களைக் கொண்டுவருவதற்கே நேரம் போகிறது. 7970எக்ஸுக்கு நான்கு மெமரி சேனல் (ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையேயான பாதை), டிடிஆர்5-5200, அதாவது நொடிக்கு 5,200 மில்லியன் முறை. ஒரு சேனல் ஒரு முறைக்கு 8 பைட் தரும். 4 × 5200 × 8 என்றால் நொடிக்கு 166.4 ஜிபி. 9354பிக்குப் பன்னிரண்டு சேனல், டிடிஆர்5-4800. 12 × 4800 × 8 என்றால் 460.8 ஜிபி. த்ரெட்ரிப்பரில் எட்டு கோர் ஒரு குழாயடியில் குடத்தோடு நிற்கின்றன. எபிக்கில் மூன்றுக்கும் குறைவான கோருக்கு ஒரு குழாய். எல்3 கேஷும் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய மெமரி) எபிக்கில் 256 எம்பி, த்ரெட்ரிப்பரில் 128 எம்பி. ஓப்பன்ஃபோம் போன்ற வேலையில் ஒரு சேனலுக்கு மூன்று நான்கு கோரைத் தாண்டினால் கூடுதல் கோரால் அதிகப் பலன் இருக்காது. அதாவது 7970எக்ஸில் 12 முதல் 16 கோர் வரை நன்றாக வேகம் கூடும். அதற்குமேல் மின்சாரம்தான் கூடும்.

வாங்குவதற்கு முன் உங்கள் இப்போதைய கணினியிலேயே இதைச் சோதித்துக்கொள்ளலாம். வழக்கமாக ஓட்டும் ஒரு மாடலை எடுத்து, முதலில் 2 ப்ராசஸில் (கணக்கைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் பகுதிகள்), பிறகு 4, 8 என்று ஓட்டி, ஒவ்வொரு முறையும் நூறு சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்தால் வேலை கோரை நம்பியது. ஓரிடத்தில் குறையாமல் நின்றால் மெமரியை நம்பியது. இன்னொரு சோதனையும் உண்டு. பயாஸில் ராம் வேகத்தை மட்டும் ஒரு படி இறக்கி (5600இல் இருந்தால் 4800க்கு) மறுபடி ஓட்டுங்கள். நேரம் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடினால் சந்தேகமே வேண்டாம், உங்களுக்கு வேண்டியது சேனல்தான்.

உங்கள் நிலையில் எங்கள் பரிந்துரை இரண்டில் ஒன்றல்ல. சாலிட்வொர்க்ஸுக்கு 7970எக்ஸ்கூடத் தேவையில்லை. 16 கோர் ரைசன் 9 7950எக்ஸ் 5.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும், விலையும் பல மடங்கு குறைவு. டிசைனருக்கு அதைக் கொடுத்துவிட்டு, 9354பியைத் தனி அறையில் வைத்து நெட்வொர்க் வழியாகக் கணக்குகளை அனுப்புங்கள். பகலிலும் அது சும்மா இருக்காது. ஒரே மெஷின்தான் முடியும் என்றால் அளவுகோல் எளிது: இரவு ஓட்டும் கணக்கு 7970எக்ஸில் காலை ஒன்பது மணிக்குள் முடியுமா? முடியுமென்றால் த்ரெட்ரிப்பர். முடியாதென்றால் டிசைனர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இடைப்பட்டதாக த்ரெட்ரிப்பர் ப்ரோ 7975டபிள்யூஎக்ஸ் இருக்கிறது: அதே 32 கோர், அதே 5.3, எட்டு சேனல். ஏட்டில் 332.8 ஜிபி. ஆனால் அதன் 32 கோரும் நான்கே சில்லுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு சில்லுக்கும், மெமரியோடு இணைக்கும் நடுச் சில்லுக்கும் இடையேயான பாதைக்கு ஒரு வரம்பு உண்டு. ஆகவே அந்த எட்டு சேனலின் முழு வேகமும் கைக்கு வராது. 9354பியில் அதே 32 கோரை எட்டுச் சில்லுகளில், சில்லுக்கு நான்காகப் பரப்பியிருக்கிறார்கள். விலைப்பட்டியலில் தெரியாத இந்த விஷயம் உங்கள் வேலைக்கு மிக முக்கியம்.

எபிக் வாங்கினால் பயாஸில் என்பிஎஸ் என்ற அமைப்பை 4 என்று வையுங்கள். 8 கோர், 3 சேனல் கொண்ட நான்கு பகுதிகளாக ப்ராசஸர் பிரிந்துகொள்ளும். எஸ்எம்டியை (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) அணைத்து, ஒவ்வொரு ப்ராசஸையும் ஒரு கோரோடு கட்டிப்போட்டு ஓட்டுங்கள். கட்டாமல் விட்டால் ப்ராசஸ்கள் பகுதி விட்டுப் பகுதி தாவி, தூரத்து ராமைத் தேடிக்கொண்டிருக்கும்; பன்னிரண்டு சேனல் வாங்கியதன் பலன் பாதி போய்விடும்.

கேள்வி: பிளெண்டரில் சிபியு ரெண்டரிங், டாவின்சி ரிசால்வில் கலர் கிரேடிங் செய்கிறோம். இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். எது சரி?
— வாசகர், சென்னை

பதில்: த்ரெட்ரிப்பர். ரெண்டரிங் மெமரிக்கு அதிகம் காத்திருக்காது. கிளாக் (கோர் ஓடும் வேகம்) கூடக் கூட நேரம் குறையும். எல்லாக் கோரும் ஓடும்போது 9354பி 3.75இல் நிற்கும், 7970எக்ஸ், நல்ல கூலர் இருந்தால், நாலரையை ஒட்டி ஓடும். ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுதல். அதற்காக 280 வாட்டுக்குப் பதில் 350 வாட் கொடுக்கிறீர்கள். காத்திருக்கும் கிளையண்ட் இருக்கும்போது அது நல்ல பேரம்.

லேன் கணக்கு: 7970எக்ஸிலிருந்து நேரடியாக 48 பிசிஐஇ 5.0 லேன் (கார்டு, டிரைவுகளுக்கான டேட்டா பாதை) வருகிறது. இரண்டு கார்டுக்கு 32 போனால் 16 மிச்சம். நான்கு என்விஎம்இ டிரைவுக்குப் போதும். ஆனால் எந்த ஸ்லாட் ப்ராசஸரிலிருந்து வருகிறது, எது சிப்செட் வழியாக வருகிறது என்பது போர்டுக்குப் போர்டு மாறும். மேனுவலில் உள்ள பிளாக் டயகிராமைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீளமாக 16 லேன் ஸ்லாட் போலத் தெரிந்தாலும் உள்ளே 8 அல்லது 4 லேன் மட்டும் இணைத்திருப்பது சகஜம். நான்கு கார்டு, எட்டு என்விஎம்இ, ஒரு 100 கிகாபிட் நெட்வொர்க் கார்டு என்று போகிறவர்களுக்கு 64 + 32 + 16, ஆக 112 லேன் வேண்டும். அவர்களுக்கு 128 லேன் தரும் எபிக் அல்லது த்ரெட்ரிப்பர் ப்ரோதான் வழி.

கேள்வி: எபிக் 9354பியை ஒரு சர்வர் போர்டில் பொருத்தி, சாதாரண டவர் கேபினெட்டில் லிக்விட் கூலரோடு வைத்திருக்கிறேன். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு வேகம் திடீரென்று விழுகிறது. ப்ராசஸர் சூடு 65 டிகிரியைத் தாண்டவில்லை. ஃபேன்களும் விட்டு விட்டு அலறுகின்றன. ப்ராசஸர் கோளாறா?
— வாசகர், மதுரை

பதில்: ப்ராசஸர் மேல் சந்தேகப்பட வேண்டாம். உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டுமே சர்வர் போர்டை டவரில் வைப்பதால் வருபவை.

முதலாவது விஆர்எம். ப்ராசஸருக்கு அருகே வரிசையாக இருக்கும் மின்சார மாற்றிப் பகுதி அது; 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறக்கி, 280 வாட்டை ப்ராசஸருக்குக் கொடுக்கிறது. டெஸ்க்டாப் போர்டில் அதன்மேல் பெரிய அலுமினியக் கட்டி இருக்கும். சர்வர் போர்டில் சின்னத் தகடுதான் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. ரேக் சர்வரின் முன்பக்கத்திலிருந்து புயல் போல் காற்று வரும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்த போர்டு அது. நீங்கள் லிக்விட் கூலர் போட்டதும் ப்ராசஸர் குளிர்ந்தது, ஆனால் அந்த இடத்தில் காற்றே இல்லாமல் போனது. விஆர்எம் மெல்லச் சூடேறி, வரம்பைத் தொட்டதும் ப்ராசஸரின் வேகத்தை இறக்கச் சொல்லி சிக்னல் கொடுக்கிறது. இருபது நிமிடம் ஆவது அதனால்தான்.

உறுதிசெய்ய, போர்டின் பிஎம்சி (போர்டைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் தனிச் சில்லு) பக்கத்தை பிரவுசரில் திறந்து, சென்சார் பட்டியலில் விஆர்எம் வெப்பநிலையைப் பாருங்கள். முழு லோடு கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வாருங்கள். வேகம் விழும் கணத்தில் அது 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. தீர்வு: ஒரு 120 எம்எம் ஃபேனை ராம், விஆர்எம் மேல் காற்று நேராக அடிக்கும்படி பிராக்கெட் வைத்துப் பொருத்துங்கள். ராம் ஸ்டிக்குகள் எந்தத் திசையில் நீண்டிருக்கின்றனவோ அதே திசையில் காற்று போக வேண்டும். குறுக்கே அடித்தால் முதல் ஸ்டிக்கே சுவராகிவிடும். போர்டில் 10 கிகாபிட் நெட்வொர்க் சில்லு இருந்தால் அதன் சின்ன ஹீட் சிங்கையும் தொட்டுப் பாருங்கள். அதற்கும் இதே கதிதான், சூடேறினால் இணைப்பு விட்டு விட்டு அறுபடும்.

இரண்டாவது ஃபேன் அலறல். பெரிய டவர் ஃபேன் நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் அமைதியாக ஓடும். வேகமான சர்வர் ஃபேனுக்குப் பழகிய பிஎம்சி, சுற்று குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனால் "ஃபேன் செத்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் ஓட்டுகிறது. சுற்று ஏறியதும் சமாதானமாகி இறக்குகிறது, மறுபடி கீழே போகிறது. சென்சார்களின் கீழ்வரம்பை ஐபிஎம்ஐ கருவி (பிஎம்சியோடு பேசும் மென்பொருள்) வழியாக 200, 300 அளவுக்கு இறக்கினால் அடங்கும். சில போர்டுகளில் பிஎம்சியை ரீசெட் செய்தால் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 9354பிக்குப் பன்னிரண்டு ராம் ஸ்டிக் கட்டாயமா? பட்ஜெட்டில் 64 ஜிபி ஸ்டிக் நான்குதான் வருகிறது. பிறகு சேர்த்துக்கொள்ளலாமா? வீட்டில் இருக்கும் டிடிஆர்5 ஸ்டிக்கை இதில் போடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: வீட்டில் இருப்பது யூடிம் (சாதாரண டெஸ்க்டாப் ராம்). இந்த இரண்டு ப்ராசஸருமே ஆர்டிம் (சர்வர் ரக ராம்) மட்டும்தான் ஏற்கும். டிடிஆர்5இல் இரண்டுக்கும் நடு வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது, ஸ்டிக்கில் ஏறும் மின்னழுத்தமும் வேறு: யூடிமுக்கு 5 வோல்ட், ஆர்டிமுக்கு 12 வோல்ட். உள்ளே போகாததை அழுத்திப் பார்க்காதீர்கள்.

நான்கு ஸ்டிக்கோடு ஓடும், கட்டாயமில்லை. ஆனால் நான்கு சேனல் மட்டும் நிரப்பினால் நொடிக்கு 153.6 ஜிபிதான். த்ரெட்ரிப்பரைவிடக் குறைவு, கிளாக்கும் குறைவு. எபிக் வாங்கியதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. அதே 256 ஜிபிக்கு 32 ஜிபி ஸ்டிக் எட்டு போட்டால் 307.2 ஜிபி வரும். 2025 இறுதியிலிருந்து சர்வர் ராம் விலை ஏறியிருப்பது உண்மைதான். அப்படியிருக்க, பெரிய ஸ்டிக் கொஞ்சம் வாங்குவதைவிடச் சிறிய ஸ்டிக் நிறைய வாங்குவதே இந்தப் ப்ராசஸருக்குச் செய்யும் நியாயம். 12 × 16, அதாவது 192 ஜிபி போதுமென்றால் அது இன்னும் நல்லது. எல்லாம் ஒரே மாடலாக, ஒரே ரேங்க்காக (ஸ்டிக்கில் சில்லுகளைத் தொகுத்திருக்கும் விதம்) இருக்கட்டும். எந்த ஸ்லாட்டில் முதலில் போட வேண்டும் என்பது போர்டு மேனுவலில் அட்டவணையாக இருக்கும். ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் போட்டால் சேனல்கள் சேர்ந்து இயங்காது.

முதல் தடவை ஸ்விட்ச் போட்டதும் திரை கறுப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கப்படுத்தும் வேலை பல நிமிடம் நடக்கும். பயந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிஎம்சி பக்கத்தில் போஸ்ட் கோடு (தொடக்கச் சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் எண்) மாறிக்கொண்டிருந்தால் அமைதியாகக் காத்திருங்கள்.

வந்த பிறகு பன்னிரண்டில் பதினொன்றுதான் தெரிகிறதென்றால் ராமைக் குறை சொல்வதற்கு முன் ப்ராசஸரைக் கழற்றிப் பாருங்கள். எபிக் உட்காரும் எஸ்பி5 சாக்கெட்டில் 6,096 தொடுமுனைகள் இருக்கின்றன. ஹீட் சிங்கின் ஒரு பக்கத்து ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அழுத்தம் சாய்ந்து, ஒரு மூலையிலுள்ள முனைகள் சரியாகத் தொடாது. மேனுவலில் உள்ள வரிசைப்படி, மூலைவிட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ஸ்க்ரூடிரைவரால் முறுக்க வேண்டும். காணாமல் போன சேனல் பலமுறை இதிலேயே திரும்பி வந்துவிடும். ஒரு என்விஎம்இ ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: டிடிஆர்5 எல்லாவற்றிலும் ஈசிசி (மெமரிப் பிழை திருத்தம்) இருக்கிறது என்கிறார்களே? அப்படியென்றால் சர்வருக்கென்று தனியாக எதற்கு?
— வாசகர், சேலம்

பதில்: சாதாரண டிடிஆர்5இல் இருப்பது சில்லுக்குள்ளேயே நடக்கும் திருத்தம். சில்லிலிருந்து ப்ராசஸர் வரை வரும் வழியில் ஒரு பிட் கெட்டால் அதற்குத் தெரியாது. திருத்தியதையும் யாரிடமும் சொல்லாது. ஆர்டிமில் 64 பிட் டேட்டாவோடு கூடுதலாக 16 பிட் (சில ரகங்களில் 8) வருகிறது. அதை வைத்து ப்ராசஸரே சரிபார்க்கிறது, பிழையைக் கணக்கும் வைக்கிறது. 7970எக்ஸ், 9354பி இரண்டும் ஆர்டிம்தான் ஏற்கும் என்பதால் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று குறைவில்லை.

லினக்ஸில் ராஸ்டீமன் என்ற சேவையை ஓட விட்டு, மாதம் ஒருமுறை பிழைக் கணக்கைப் பாருங்கள். ஒரே ஸ்டிக்கில் திருத்தப்பட்ட பிழை கூடிக்கொண்டே போனால் அதைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழையும் கூடவே போனால் ஸ்டிக் கெட்டது. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் ப்ராசஸரை எடுத்து மறுபடி பொருத்துங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வுக்குழு பெரிய மொழி மாதிரிகளை வெளியே அனுப்பாமல் சொந்தக் கணினியில் ஓட்ட நினைக்கிறது. 24 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. மீதிக்கு எந்த ப்ராசஸர்?
— வாசகர், கொழும்பு

பதில்: இங்கே எபிக் தெளிவாக முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு டோக்கனை (சொல் அல்லது சொல்லின் துண்டு) உருவாக்கும்போதும் மாதிரியின் எடைகள் முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படிக்க வேண்டும். 70 பில்லியன் அளவுரு மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 40 ஜிபி. 460.8ஐ 40ஆல் வகுத்தால் நொடிக்குப் பதினொன்றரை டோக்கன், 166.4ஐ வகுத்தால் நான்கு. இது உச்சவரம்பு. கையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனால் விகிதம் மாறாது. நான்கு டோக்கன் என்றால் படிப்பவருக்கே பொறுமை போய்விடும்.

இன்னும் பெரிய மாதிரிகளில் எபிக்கின் பலம் கூடுதலாகத் தெரியும். டீப்சீக் ஆர்1 மாதிரியின் மொத்தம் 671 பில்லியன். ஒரு டோக்கனுக்கு இயங்குவது 37 பில்லியன் மட்டும். அதாவது 4 பிட்டில் இடம் 400 ஜிபியை நெருங்கும், ஆனால் ஒரு டோக்கனுக்குப் படிப்பது சுமார் 20 ஜிபிதான். பன்னிரண்டு 64 ஜிபி ஸ்டிக் போட்டால் 768 ஜிபி, தாராளமாக அடங்கும். த்ரெட்ரிப்பருக்கான, நான்கு ஸ்லாட் உள்ள டிஆர்எக்ஸ்50 போர்டில் இதற்கு விலை உயர்ந்த 128 ஜிபி ஸ்டிக்குகளே வேண்டியிருக்கும்.

கார்டைக் கழற்றிவிடாதீர்கள். நீண்ட கேள்வியை முதலில் வாசித்து முடிக்கும் கட்டத்தில் காத்திருப்பது மெமரிக்காக அல்ல, கணக்குத் திறனுக்காக. அங்கே 32 கோர் திணறும், கார்டு நொடியில் முடிக்கும். எப்போதும் பயன்படும் அடுக்குகளைக் கார்டிலும், மற்றவற்றை ராமிலும் வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: பத்து விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் ஓட்ட வேண்டும். 32 கோர் வாங்கினால் போதுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கோர் போதும், உரிமச் செலவைப் பார்த்தீர்களா? விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டில் மெஷினின் எல்லாக் கோருக்கும் ஒருமுறை உரிமம் எடுத்தால் இரண்டு விர்ச்சுவல் மெஷினுக்குத்தான் அனுமதி. பத்துக்கு ஐந்து முறை: 32 × 5, ஆக 160 கோர் உரிமம். அதையே 16 கோர் எபிக் 9174எஃப்பில் செய்தால் 80. அது 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும், 256 எம்பி கேஷும் உண்டு. ப்ராசஸர் விலை 9354பியைவிடக் கூடுதல்தான், ஆனால் உரிமத்தில் மிச்சமாவதை வைத்துப் பாருங்கள். டேட்டாசென்டர் பதிப்பின் விலையையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். கோருக்கு இத்தனை என்று காசு வாங்கும் எந்த மென்பொருளுக்கும் இதே யோசனைதான்: குறைந்த கோர், அதிக வேகம்.

கேள்வி: ஆன்லைனில் பழைய எபிக் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: மூன்றை எழுத்தில் உறுதிசெய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். ஒன்று, ப்ராசஸர் எந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுத்தது? சில நிறுவனங்களின் சர்வரில் முதல் தடவை ஓடும்போதே ப்ராசஸருக்குள் ஒரு ஃப்யூஸ் எரிந்து, அது அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டுவிடும். வேறு போர்டில் அது உயிர்பெறாது, திறக்கவும் வழியில்லை. "பூட்டு இல்லை, வேறு போர்டில் சோதித்தது" என்று விற்பவர் சொல்ல வேண்டும். இரண்டு, மேல் மூடியில் மாடல் எண் அச்சாகியிருக்கும் படத்தைக் கேளுங்கள். மாடல் பெயரே இல்லாமல் எண் வரிசை மட்டும் இருந்தால் அது சோதனைக்கால மாதிரியாக இருக்கலாம், புதிய பயாஸில் ஓடாமல் போகும். மூன்று, அடிப்பக்கத் தங்கப் புள்ளிகளின் தெளிவான படம். போர்டைப் பழையதாக வாங்காமல் இருப்பதே நல்லது. வளைந்த பின்கள் 6,096இல் ஒன்றாக இருந்தாலும் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கேள்வி: 7970எக்ஸோடு 450 வாட் கிராபிக்ஸ் கார்டு. என்ன பவர் சப்ளை, என்ன யூபிஎஸ்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: 350 + 450, மற்றவற்றுக்கு 150, மொத்தம் 950 வாட். கார்டு ஒரு கணம் வரம்பைத் தாண்டி இழுக்கும் என்பதால் 1,200 வாட்டுக்குக் குறையாத பவர் சப்ளை வாங்குங்கள். போர்டிலுள்ள 8 பின் சிபியு இணைப்புகள் எல்லாவற்றிலும் தனித்தனிக் கேபிள் போட வேண்டும். ஒன்றை விட்டாலும் லோடில் ரீஸ்டார்ட் ஆகும். 90 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 1,055 வாட் வரும். 2 கேவிஏ யூபிஎஸ், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 1,600 வாட். அது சரியான அளவு. ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். சதுர அலை யூபிஎஸ் வைத்தால் கரண்ட் போன அதே கணத்தில் நல்ல பவர் சப்ளைகள் அணைந்துவிடுவதுண்டு. எர்த்திங் சரியில்லாத இடத்தில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

24 மணி நேரமும் ஓட விடுவதாக இருந்தால் இன்னொரு கணக்கு: சும்மா இருக்கும்போது இழுக்கும் ஒவ்வொரு 100 வாட்டும் ஆண்டுக்கு 876 யூனிட். இரவில் வேலை இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். பிஎம்சி இருக்கும் சர்வர் போர்டு என்றால் காலையில் வீட்டிலிருந்தே ஆன் செய்யலாம். பெரும்பாலான டிஆர்எக்ஸ்50 போர்டுகளில் அந்த வசதி இல்லை.

கேள்வி: இப்போது ஜென் 5 தலைமுறை வந்துவிட்டதே. பழையதையே வாங்குவது சரியா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: த்ரெட்ரிப்பர் 9970எக்ஸ் 2025 ஜூலையில் வந்தது, அறிமுக விலை அதே 2,499 டாலர். மெமரி டிடிஆர்5-6400க்கு உயர்ந்ததால் நான்கு சேனலில் 204.8 ஜிபி. 7970எக்ஸ் விலை கணிசமாகக் குறைவாகக் கிடைத்தால் தவிர, புதியதையே எடுங்கள். டிஆர்எக்ஸ்50 போர்டு இரண்டுக்கும் பொது. ஆனால் போர்டு பழைய பயாஸோடு வந்தால் முதலில் புதிய பயாஸை ஏற்ற வேண்டும். கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

எபிக் பக்கம் 2024 அக்டோபரில் வந்த 9355பி: 32 கோர், 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை, டிடிஆர்5-6000. மேஜை வேலைக்கு எபிக் மெதுவானது என்று முதல் பதிலில் சொன்னதை இது ஓரளவு சரிசெய்கிறது. எஸ்பி5 போர்டு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் தங்கள் போர்டின் வெளியீட்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அதே பெயரில் வந்த பழைய வெளியீடு சிலவற்றில் புதிய ப்ராசஸருக்கு ஆதரவு இல்லை, 6000 வேகமும் கிடைக்காது.